ஏவ்ரிலின் முட்டைக் கடையாணி

இரண்டு வருடங்களாக வியாழக்கிழமை தவறாமல் ஏவ்ரில் ட்ரான்ட்டர் நீச்சலுக்குப் போய்வந்தாள். அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் நீச்சல் குளத்தைக் கண்ணால் பார்க்கவில்லை.

காலை ஒன்பது மணிக்குத் துண்டும் நீச்சல் உடையும் வைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவாள். மாலை நாலு மணிக்குத் தலை ஈரமும் சிவந்த கன்னமும் நல்ல பசியுமாகத் திரும்புவாள். தலையை நனைத்துக்கொள்ள, தோழி பெர்னீஸின் படகில் ஒரு தகர வாளி இருந்தது. நீச்சல் உடையையும் அதே வாளியில் முக்கிப் பிழிந்து பைக்குள் போட்டுக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கம்பியில் அதை விரித்துக் காயப்போடுவாள். மொத்த ஏற்பாட்டிலும் இந்தக் கடைசி வேலையில்தான் அவளுக்கு அலாதி ருசி.

"நீச்சல் உனக்கு நல்லா ஒத்துக்குது," என்றான் அவள் கணவன் டெஸ், ஒருநாள் ஆட்டிறைச்சிக் குழம்பைத் தட்டில் வாங்கிக்கொண்டே. "கையப் பாரு, எப்படி இறுகிப்போச்சு! ஆனா அந்தக் குளத்துத் தண்ணில என்னத்தத்தான் கலக்குறாங்களோ. உன் மேல டீசல் வாடை அடிக்குது."

"புதுசா ஏதோ கிருமிநாசினியாம்," என்றாள் ஏவ்ரில். "உருளைக்கிழங்கு இன்னும் வேணுமா?"

இங்கிலாந்தின் க்ரூ நகரத்தில் இந்தத் தம்பதியைத் தெரியாதவர்கள் குறைவு. ஏவ்ரில் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். முந்நூறு பிள்ளைகளுக்கான கஸ்டர்ட் அண்டாவை ஒற்றை ஆளாக அடுப்பிலிருந்து இறக்கியவள். டெஸ் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பன்னிரண்டு வயதுவரை அவள் கஸ்டர்டைச் சாப்பிட்டவர்கள் பதினேழு வயதில் அவனிடம் வந்து கிளட்ச் மிதித்தார்கள். இன்று அவர்களில் ஒருவர் பல் மருத்துவர், இருவர் போலீஸ்காரர்கள். தெருவில் பார்த்தால் அவளைக் கட்டிக்கொள்வார்கள், அவனைக் கண்டால் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள்.

நாற்பது வருடம் பயணி இருக்கையில் உட்கார்ந்து கூடுதல் பிரேக்கை மிதித்து மிதித்து, டெஸ்ஸின் வலது காலுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் எதை ஓட்டினாலும் அது தரையை அழுத்தும். பேருந்தில் அழுத்தும். தொலைக்காட்சியில் கார்ப் பந்தயம் ஓடினால் வீட்டுக் கம்பளத்தை அழுத்தும். சோபாவுக்கு முன்னால் அந்த இடத்தில் மட்டும் கம்பளம் தேய்ந்து நூல் தெரிந்தது.

கால்வாயில் ஓட்டும் படகு ஒன்றை அவர்கள் வாங்கியது தொண்ணூற்றிரண்டில். ஐம்பதடி நீளம், ஏழடிக்கும் குறைவான அகலம். உள்ளே அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் ரயில்பெட்டி மாதிரி வரிசையாக இருக்கும். பின்தளத்தில் ஒரு ஆள் நின்று சுக்கான் பிடிக்கலாம். இன்னொருவர் நின்றால் மூச்சு விடுவதற்கு முன்அனுமதி வாங்க வேண்டும். பயிற்சிக் கார்களில் இருபக்கமும் பிரேக் இருக்குமே, அந்த ஞாபகத்தில் டெஸ் படகுக்கு 'டூயல் கன்ட்ரோல்' என்று பேர் வைத்துச் சிவப்பிலும் மஞ்சளிலும் எழுதினான். முப்பத்தொரு கோடைக்காலம் அந்தப் படகின் சுக்கானை ஒரே ஆள்தான் பிடித்தான்.

ஒருமுறை தவிர.

தொண்ணூற்று மூன்று ஜூலையில், ஆட்லம் ஊருக்குக் கீழே, டெஸ் தாராள மனதோடு சுக்கானை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே நின்றான். எதிர்க்கரையில் கட்டியிருந்த படகின் முன்தளத்தில் ஒரு பாதிரியார் மடக்கு மேசை போட்டுக் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இடது! இடது!" என்று டெஸ் காதுக்குள் கத்தினான், தரையை மிதித்தபடி. ஏவ்ரில் சொன்ன பேச்சைக் கேட்டு சுக்கானை இடதுபக்கம் தள்ளினாள். கார் ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்பினால் கார் இடதுபக்கம் போகும். சுக்கானை இடதுபக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலதுபக்கம் போகும். போனது. நடந்துபோகிறவன் முட்டிக்கொள்ளும் வேகத்தில்தான் முட்டியது. ஆனாலும் பாதிரியாரின் தட்டிலிருந்த இரண்டு பொரித்த முட்டைகளும் வழுக்கிக்கொண்டு போய் அவர் மடியில் உட்கார்ந்தன.

பாதிரியார் அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டார். ஒரு தேக்கரண்டி மட்டும் கேட்டார்.

மன்னிக்காதவன் டெஸ். மன்னிக்கவில்லை என்பதைவிட, விடவில்லை என்பதுதான் சரி. படகைத் தொட்டிக்குள் நிறுத்தித் தண்ணீரால் ஏற்றி இறக்கும் கால்வாய் மதகருகே யாராவது இரண்டு நிமிடம் நின்றால் போதும், "இவ தொண்ணூத்தி மூணுல என்ன பண்ணா தெரியுமா?" என்று ஆரம்பிப்பான். இரண்டு முட்டை நாலானது. ஏதோ ஒரு வருடம் தொத்திறைச்சி சேர்ந்துகொண்டது. பிறகு சூடான காப்பி. கேட்பவர்கள் சிரிப்பார்கள். கையில் மதகுச் சாவியோடு ஏவ்ரிலும் சிரிப்பாள். தண்ணீர் அடைப்பைச் சுற்றித் தூக்கும் அந்த வளைந்த இரும்புச் சாவி நல்ல கனம். அந்தக் கனத்தை எதன் மேலாவது இறக்கலாமா என்று சில நேரம் தோன்றும்.

ஆக, அவன் பின்தளத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றான். அவள் கரையில் இறங்கி அடைப்பைச் சுற்றினாள், கதவைத் தள்ளினாள், மூடினாள், அடுத்த மதகுக்கு நடந்தாள். கால்வாயில் பெரும்பாலான படகுகளில் இதே கதைதான். மதகடியில் இரண்டு பெண்கள் சந்தித்தால் முதல் கேள்வி, "உங்களுது எப்படி, கத்துமா?" என்பதாகத்தான் இருக்கும். கேட்பது படகைப் பற்றி அல்ல.

பெர்னீஸ் அப்படிக் கேட்கவில்லை. கரையோரம் கட்டிக்கிடக்கும் படகுகளுக்கு நிலக்கரியும் டீசலும் சமையல் வாயுவும் விற்றுக்கொண்டு போகிறவள் அவள். வயது நாற்பத்தைந்து, படகு எழுபதடி. அந்தப் பக்கத்து வழக்கப்படி கண்ணில் பட்டவரையெல்லாம் 'வாத்து' என்று செல்லமாகக் கூப்பிடுவாள். போலீஸ்காரரும் வாத்துதான்.

"நீ ஏன், வாத்து, பின்னால நிக்கறதே இல்ல?" என்றாள் ஒருநாள், டீசல் குழாயைப் பிடித்தபடி. டெஸ் அப்போது கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யப் போயிருந்தான்.

"ஒரு தடவ இடிச்சுட்டேன்."

"யாருதான் இடிக்கல?"

"ஒரு பாதிரியார் மடில முட்டை..."

பெர்னீஸின் வாய் மெல்லத் திறந்தது. "அட! பிஷப் மடில பன்னெண்டு முட்டையக் கொட்டின பொம்பள நீதானா? உன் கதைய எனக்கு லாங்கொல்லன்ல சொன்னாங்க!"

லாங்கொல்லன் இருப்பது வேல்ஸில். கதை எல்லை தாண்டியிருந்தது.

"பிஷப்பும் இல்ல, பன்னெண்டும் இல்ல," என்றாள் ஏவ்ரில். அறுபத்திரண்டு வயதில் தன் குரல் இவ்வளவு ஒல்லியாகக்கூட வருமா என்று அவளுக்கே ஆச்சரியம். "பாதிரியார். ரெண்டே ரெண்டு."

பெர்னீஸ் குழாயை மூடினாள். "வியாழக்கெழம உனக்கு வேல இருக்கா?"

அப்படித்தான் நீச்சல் ஆரம்பித்தது. பெர்னீஸ் கற்றுக்கொடுத்த விதம் வினோதமானது. சுக்கானைக் கையில் கொடுத்துவிட்டு, கதவோரம் நிலக்கரி மூட்டைமேல் உட்கார்ந்து நாளிதழ் படித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏவ்ரில் கரையில் ஏற்றியபோது பக்கத்தைப் புரட்டினாள். வில்லோ மரத்துக்குள் புகுந்தபோது இலைகளைத் தட்டிவிட்டு மேலே படித்தாள். யாரும் கத்தாதபோது கைக்கே எல்லாம் புரிந்தது. எட்டு மாதத்தில், நிலக்கரி ஏற்றிய எழுபதடிப் படகை ஆட்லமின் பதினைந்து மதகுகளிலும் சுவரில் உரசாமல் ஏற்றினாள். அன்றைக்கு பெர்னீஸ் நாளிதழை மடித்து வைத்துவிட்டு ஒரு துணி முடிச்சைக் கொடுத்தாள்.

உள்ளே ஒரு கடையாணி. சுக்கானின் இரும்புக் கழுத்தில் பித்தளைப் பிடியைச் செருகி, அது கழன்று வராமல் மேலிருந்து இறக்கும் ஆணி. படகுக்காரர்கள் அதன் தலையில் தங்கள் ஆசைக்கு ஏதாவது உருவம் வைத்துக்கொள்வார்கள். அன்னமோ மணியோ குதிரைத்தலையோ. டெஸ்ஸுடையதில் ஒரு குட்டி ஸ்டியரிங் சக்கரம். இதில் ஒரு பித்தளை முட்டை, கோழியிட்ட அதே அளவில்.

ஏவ்ரில் அதைத் தங்கள் படகின் தேயிலை டப்பாவில், பைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். டெஸ் வாழ்நாளில் தானாகத் தேநீர் போட்டதில்லை. உலகத்தில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

நீச்சல் தொடங்கி இரண்டு வருடமானபோது, ஜூனில் டெஸ்ஸுக்கு எழுபது வயது. பிறந்தநாள் வியாழக்கிழமை. மகள் ஜெம்மாவும் லண்டன்காரனான மருமகன் பியர்ஸும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான்ட்விச்சில் கிளம்பி, மதகு மதகாக ஏறி, வியாழன் காலை டர்லியின் ஐந்து மதகுகளையும் ஏறி முடித்து, மேலே படகுத்துறையில் கேக் வெட்டுவதாக ஏற்பாடு. நாய் பிக்கிள் கூரைமேல் படுத்துக்கொண்டு வந்தது.

புதன்கிழமை மத்தியானம், ஆடர்லி மதகில் தண்ணீர் ஏறும்வரை தாயும் மகளும் மதகுக் கதவைத் தள்ளித் திறக்கும் நீண்ட மரத் தண்டில் சாய்ந்து நின்றபோது ஜெம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படாத. நாளைக்கு கேக் வெட்டும்போது அப்பா கடையாணிய பியர்ஸ் கைல குடுக்கப்போறாரு. முழங்கால் தாங்கலயாம். இனிமே படக பியர்ஸ்தான் ஓட்டணுமாம்."

ஏவ்ரில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மொத்தம் எத்தன தடவ இந்தப் படகுல வந்திருக்கான் அவன்?"

"இதோட மூணு."

"மூணு," என்றாள் ஏவ்ரில்.

"அவனுக்கு வேணவே வேணாம்மா. அப்பா மனசு நோகும்னு வாயத் திறக்க மாட்டேங்கறான். நேத்து ராத்திரி தூக்கத்துல 'இடது, இடது'ங்கறான்."

அன்று மாலை முழுக்க ஏவ்ரில் சான்ட்விச்சுக்கு வெள்ளரிக்காய் நறுக்கினாள். தேவைக்கு மூன்று மடங்கு நறுக்கினாள். டெஸ்ஸிடம் நேராகச் சொல்லிவிடலாம்தான். சொன்னால், "எங்க, ஓட்டிக் காட்டு" என்பான். பின்னால் வந்து நிற்பான். கால் தரையை அழுத்தும். வாய் காதுக்குள் கத்தும். அப்புறம் தொண்ணூற்று மூன்றுதான். கடையாணி ஒருமுறை பியர்ஸ் கைக்குப் போய்விட்டால், அவள் சாகும்வரை சாவிதான் சுற்ற வேண்டும், முட்டைக் கதையைக் கேட்டுக்கொண்டே. டெஸ் கரையில் இருக்க வேண்டும், அவள் படகில் இருக்க வேண்டும். அதுவும் நாளைக் காலைக்குள்.

அவனை எப்படி இறக்குவது? கட்டிய முப்பத்தொன்பது வருடத்தில் அவள் தெரிந்துகொண்டதை எல்லாம் எண்ணிப் பார்த்தாள். முதல் பழக்கம்: மதகில் ஏறும்போது படகை மெதுவான முன்கியரிலேயே விட்டு, மூக்கை மேல்கதவில் முட்ட வைத்துவிடுவான். தண்ணீர் மட்டம் சரியானதும் கதவு திறக்கும், படகு தானே நகரும். இரண்டாவது: கால் கரையில் படுவதற்கு முன் கடையாணியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான், கார்ச் சாவி மாதிரி. மூன்றாவது: யாராவது ஒன்றைத் தப்பாகச் செய்தால் அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அது உடம்பில் ஊறிய வியாதி.

"பியர்ஸ்," என்றாள் காலையில், அவனுக்குத் தேநீர் நீட்டி. "நாளெல்லாம் கதவத் தள்ளி முதுகு வலிக்குதா?"

"கொஞ்சம் வலிக்குதுங்க."

"இன்னிக்கு கையால தள்ளிப்பாரு. தண்டுக்கு முன்னால நேரா நின்னு, ரெண்டு கையையும் நீட்டி. ரொம்ப சுலபமா இருக்கும்."

கால்வாயில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், கதவுத் தண்டைப் பின்புறத்தால்தான் தள்ள வேண்டும் என்று. பியர்ஸ் நன்றி சொன்னான்.

ஜெம்மாவிடம், "நீ முன்னால போயி ரெண்டாவது மதகத் தயார் பண்ணி வை. என்ன நடந்தாலும் எதுவும் கேக்காத," என்றாள். ஜெம்மா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"பாவம், இன்னிக்கு உன் நீச்சல் போச்சே," என்றான் டெஸ், பிறந்தநாள் சட்டையின் பொத்தானைப் போட்டபடி.

"போகலன்னு வச்சுக்கோயேன்," என்றாள் ஏவ்ரில்.

டர்லியில் முதல் மதகுக்குக் கீழே, பக்கவாட்டில் ஒரு கலிங்கு உண்டு. மேலிருந்து வழியும் உபரித் தண்ணீர் அதன் வழியாகப் பீறிட்டு, வருகிற படகைப் பக்கவாட்டில் தள்ளிப் பாறையில் மோதவிடும். டெஸ் ஒவ்வொரு வருடமும் மோதுவான். இந்த வருடமும் மோதினான். பாத்திரங்கள் குலுங்கின. பிக்கிள் எழுந்து மறுபடி படுத்தது.

"யாரோ மேல தண்ணியத் தொறந்து விட்டுட்டாங்க!" என்றான் டெஸ், வழக்கம்போல.

மதகுக்குள் படகு நுழைந்து, தண்ணீர் ஏறி, கரையும் பின்தளமும் சமமாக வந்தபோது ஏவ்ரில் உள்ளே அடுப்படியில் இருந்தாள். தேயிலை டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். மேலே பியர்ஸ் தண்டுக்கு முன்னால் நேராக நின்று, இரண்டு கையையும் நீட்டி, கதவைத் தள்ள ஆரம்பித்தான்.

டெஸ்ஸின் தலைக்குள் ஏதோ அறுந்த சத்தம் அவளுக்கே கேட்ட மாதிரி இருந்தது.

"கையாலயா? யோவ், கையாலயா தள்ளுவாங்க? நகரு, நகரு! எவன்யா உனக்குச் சொல்லிக்குடுத்தான்?" கடையாணியைப் பிடுங்கும் சத்தம். முனகியபடி கரையில் இறங்கும் சத்தம். "இங்க பாரு. திரும்பி நில்லு. பின்பக்கத்த தண்டுல வையி. கால ஊணு. இப்ப சாய்ஞ்சு உக்கார்ற மாதிரி..."

ஏவ்ரில் பின்தளத்துக்கு வந்தாள். சுக்கான் கழுத்தின் ஓட்டையில் பித்தளை முட்டையை இறக்கினாள். அது 'டக்' என்று உட்கார்ந்தது.

கதவு திறந்தது. இரண்டு ஆண்களும் முதுகைக் காட்டிக்கொண்டு தண்டில் சாய்ந்திருந்தார்கள். படகின் மூக்கு அவர்களைத் தாண்டி வெளியே போனது. கூரையிலிருந்து பிக்கிள் ஆர்வமாகக் குரைத்ததும்தான் டெஸ் திரும்பினான். அதற்குள் பாதிப் படகு போய்விட்டது. மீதிப் பாதியின் கடைசியில் அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையில் சுக்கானும் மறுகையில் தோசைக்கரண்டி மாதிரியான முட்டைத் திருப்பியுமாக.

"ஏவ்ரில்! பின்கியர்! பின்கியரப் போடு!"

"எதுக்கு?"

"இடது! இல்ல, வலது! ஏவ்ரில், கடையாணி எங்கிட்ட இருக்கு! பிடி கழண்டுடும்!" சட்டைப்பையிலிருந்து எடுத்து உயர்த்திக் காட்டினான்.

அவள் முட்டைத் திருப்பியால் பித்தளை முட்டையை இரண்டு தட்டுத் தட்டினாள். நல்ல கணீரென்ற சத்தம்.

பின்தளம் அவன் பக்கமாகக் கடந்தபோது ஒரு எட்டு வைத்தால் ஏறியிருக்கலாம். வலது காலை எடுக்கவும் எடுத்தான். அப்போதுதான் ஏவ்ரில் மிகச் சாதாரணமாகச் சொன்னாள்:

"கதவ மூடிட்டு வா, டெஸ்."

எடுத்த கால் அப்படியே நின்றது. திறந்த கதவை மூடாமல், தூக்கிய அடைப்பை இறக்காமல் மதகை விட்டுப் போகிறவன் மனுஷனே இல்லை என்று முப்பத்தொரு வருடமாகச் சொல்லிவந்தவன் அவன். ஒருமுறை திறந்து விட்டுப்போன படகைத் துரத்தி இரண்டு மைல் சைக்கிள் மிதித்துத் திட்டிவிட்டு வந்தவன். பியர்ஸிடம் விட்டுவிட்டு வரலாம் என்றால், அவன் கையால் தள்ளுகிற ஆள். டெஸ் கதவைப் பார்த்தான். போகிற படகைப் பார்த்தான். பிறகு திரும்பி, பின்புறத்தைத் தண்டில் வைத்தான்.

இரண்டாவது மதகின் கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்ற ஜெம்மா, அம்மா சுவரில் துளிகூட உரசாமல் அந்தப் படகை ஏறக்குறைய அதே அகலமுள்ள கல்தொட்டிக்குள் நுழைப்பதைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேக்காதன்னேன்," என்றாள் ஏவ்ரில், கீழேயிருந்து.

"நான் கேக்கவே இல்லியே!"

பியர்ஸ் ஓடி வந்து சேர்ந்தான். அவன் முகத்தில் தூக்கு மேடையிலிருந்து இறக்கிவிடப்பட்ட களை. "நான் அடைப்பச் சுத்தட்டுமா? எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். சத்தியமா!"

டெஸ் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தபோது படகு மேலேறி வெளியே போய்விட்டது, கதவு மட்டும் மூடக் காத்திருந்தது. மூடினான். மூன்றாவது மதகில் எதிரிலிருந்து ஒரு படகு இறங்க வேண்டியிருந்ததால் எல்லோரும் நிற்கும்படி ஆயிற்று. அந்தப் படகின் பெண்மணி, கையில் சாவியோடு, வெயிலுக்குத் தொப்பி வைத்துக்கொண்டு கரையில் இருந்தாள். மூச்சு வாங்கும் டெஸ்ஸைப் பார்த்தாள். அலையும் காற்றும் தன்னைத் தள்ளாதபடி நடுத்தண்ணீரில் படகை அசையாமல் நிறுத்தி வைத்திருந்த ஏவ்ரிலைப் பார்த்தாள்.

"உங்களுது எப்படி," என்றாள் டெஸ்ஸிடம் இரக்கமாக, "கத்துவாங்களா?"

டெஸ் யோசித்தான். "இவ தொண்ணூத்தி மூணுல..." என்று வாய் தானாக ஆரம்பித்தது. தண்ணீர் மேலிருந்து ஏவ்ரில் ஒரு புருவத்தை உயர்த்தினாள். பெண்மணியும் அதே பக்கம் பார்த்தாள். அங்கே முட்டைக் கதைக்கு இடமே இல்லை. "இல்ல," என்றான் டெஸ். "கத்தமாட்டா."

நாலாவது மதகில், தண்ணீர் ஏறுவதற்கு முன், அவன் விளிம்பில் வந்து நின்று கீழே எட்டிப் பார்த்தான். ஈரச் சுவர்களுக்கு நடுவே அவள் முகம் மட்டும் அண்ணாந்து தெரிந்தது.

"எத்தன நாளா நடக்குது இது?"

"ரெண்டு வருஷமா."

"எங்க?"

"நீச்சல்ல."

அவன் நெற்றி சுருங்கி விரிந்தது. "டீசல் வாடை! கிருமிநாசினின்னியே!"

"சொன்னேன்."

"அப்ப அந்த நீச்சல் உடுப்பு? ரெண்டு வருஷமா கம்பில தொங்குச்சே! ஒரு தடவ நானே எடுத்து மடிச்சு வச்சேனே!"

"வாளில முக்கினது. மடிச்சதுக்கு நன்றி."

தண்ணீர் உள்ளே விழ ஆரம்பித்தது. படகு மெல்ல உயர்ந்தது. டெஸ் விளிம்போடு அவள் பக்கமாக நகர்ந்தான். பிறகு, சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, ஆனால் மகளுக்குக் கேட்காதபடி, "எங்கிட்ட கேட்டிருக்கலாமே, ஏவ்ரில். ஊருக்கே கத்துக்குடுத்தேனே நான்," என்றான்.

"கேட்டா பின்னால நின்னு அமுக்கிட்டே இருப்ப."

"எத அமுக்கிட்டு?"

அவள் கண்ணால் காட்டினாள். டெஸ் குனிந்து பார்த்தான். அவன் வலது கால் மதகின் கல் விளிம்பை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. அவன் அதை ஏதோ அடுத்தவன் காலைப் போலப் பார்த்தான். பிறகு மெதுவாக எடுத்து, புல்லில் வைத்தான்.

ஐந்தாவது மதகைத் தாண்டியதும் படகுத்துறை. அங்கே பெர்னீஸின் எழுபதடிப் படகு கட்டியிருந்தது. ஏவ்ரில் முந்தின நாள் கைபேசியில் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள், நாளை டர்லியில் ஓட்டப்போகிறேன் என்று. இவ்வளவு ஏற்பாட்டை அவள் எதிர்பார்க்கவில்லை. பெர்னீஸ் தன் படகின் கூரை விளிம்பில் ஒரு நீலத் தட்டு வைத்திருந்தாள், பாதி வெளியே தொங்கும்படி. தட்டில் இரண்டு பொரித்த முட்டைகள். அவள் நிலக்கரி மூட்டைமேல் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தாள். எதிர்க்கரையில் ஒரு வாடகைப் படகு. நடுவில் மிஞ்சியது எட்டடி இருக்கும். ஒன்பது என்று சொன்னால் அது பெருந்தன்மை.

துறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கத் திரும்பினார்கள்.

ஏவ்ரில் இடைவெளியைக் கண்ணால் அளந்தாள். வேகத்தைக் குறைத்தாள், இன்னும் குறைத்தாள், இன்ஜின் இருமும் அளவுக்குக் குறைத்தாள். மூக்கு இடைவெளிக்குள் போனது. சுக்கானை இடுப்பால் ஒரு நூல் தள்ளினாள். கரையில் டெஸ்ஸின் வாய் திறந்தது. ஜெம்மா அப்பாவின் கையைப் பிடித்து இறுக்கினாள். வாய் மூடியது. ஐம்பதடியும் ஒவ்வொரு அடியாகக் கடந்தது. பிக்கிள் கூரையிலிருந்து கழுத்தை நீட்டி முட்டைகளை முகர்ந்துகொண்டே கடந்தது, அவ்வளவு பக்கம்.

தட்டு அசையவில்லை.

பெர்னீஸ் நாளிதழின் பக்கத்தைப் புரட்டினாள். கையை நீட்டித் தட்டை எடுத்து, முள்கரண்டியால் ஒரு முட்டையைக் குத்தி வாயில் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டே ரெண்டு, வாத்து," என்றாள், மென்றுகொண்டே. "எண்ணிப் பாத்துக்கோ."

படகைக் கட்டியதும் டெஸ் வந்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாதிரித் தேர்வு முடிவு சொல்லும்போது நிற்பானே, அப்படி நின்றான். க்ரூவில் பலர் அந்த நிலையைக் கனவில் பார்த்து அலறியிருக்கிறார்கள்.

"ஒரு சின்னத் தப்பு," என்றான். "கெளம்பறதுக்கு முன்னால கண்ணாடி பாக்கல."

"படகுல ஏது கண்ணாடி?"

"அதனாலதான் சின்னத் தப்பு." தொண்டையைச் செருமினான். "பாஸ்."

பிறகு கேக் வந்தது. ஏழுக்கும் பூஜ்ஜியத்துக்கும் தனித்தனி மெழுகுவத்தி. ஊதி முடித்ததும் டெஸ் சட்டைப்பையிலிருந்து ஸ்டியரிங் சக்கரக் கடையாணியை எடுத்தான். பியர்ஸைப் பார்த்தான். பியர்ஸ் ஒரு எட்டு பின்னால் போனான்.

"டெஸ், நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. எனக்கு அந்த சாவி சுத்துறதுதான் பிடிச்சிருக்கு. பின்னால நின்னா எந்தப் பக்கம் தள்ளணும்னே மறந்துபோகுது. மூணு வருஷமாச் சொல்லணும்னு..."

"மூணு வருஷமா! இந்தக் குடும்பத்துல ஒருத்தராவது எங்கிட்ட வாயத் திறந்து எதையாவது சொல்லியிருக்கீங்களா?"

ஜெம்மா கேக்கைத் துண்டு போட ஆரம்பித்தாள். டெஸ் பின்தளத்தை எட்டிப் பார்த்தான். பித்தளை முட்டை வெயிலில் மினுங்கியது. அந்தக் கழுத்தில் ஓட்டை ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு கடையாணிதான் இறங்கும். தன்னுடையதை ஒருமுறை சட்டையில் துடைத்து, மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டான்.

"இனிமே தினமும் நீதான் ஓட்டுவியா?" என்றான் ஏவ்ரிலிடம்.

"காலைல நான். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் நீ. உன் முழங்கால் ஒத்துக்கிட்டா."

"மதகுல?"

"மதகுல நான்."

டெஸ் கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வழியில், ஆட்லமின் மூன்றாவது மதகில், யாரோ ஒரு மனிதர் வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார். டெஸ் சாவியோடு நின்றான். ஏவ்ரில் கோப்பையோடு கீழே, இறங்கும் தண்ணீரில் இருந்தாள்.

"இவ வியாழக்கெழம டர்லில என்ன பண்ணா தெரியுமா?" என்றது டெஸ்ஸின் குரல், மேலே. "படகையே கடத்திட்டா! என் பொறந்தநாள் அன்னிக்கு! என்னக் கரைல விட்டுட்டு பத்து மதகு! கடையாணி எங்கிட்ட இருக்கு, இவ வெறும் முட்டைத் திருப்பியச் செருகிகிட்டு ஓட்டுறா! ஒரு கரிப்படகு நிக்குது, கூர மேல முட்டை, ஒரு ஆறு, ஏழு தட்டு..."

"இடிச்சுட்டாங்களா?" என்றார் அந்த மனிதர் ஆவலாக.

"இடிக்கறதா?" டெஸ்ஸுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "யாரப் பாத்து என்ன கேக்கறீங்க? ஒரு முட்டை ஆடல!"

ஏவ்ரில் கீழேயிருந்து திருத்தப் போனாள். ஐந்து மதகு, இரண்டு முட்டை. பிறகு தேநீரை ஒரு வாய் குடித்தாள். அடுத்த கோடைக்குள் அது இருபது மதகாகும், ஒருவேளை புயலும் சேரும். சேரட்டும். கீழ்க்கதவு திறந்தது. அவள் கியரைத் தள்ளினாள்.

மேலே கதை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஏவ்ரில் படகின் ஹாரனை ஒருமுறை அமுக்கினாள்.

"கதவ மூடிட்டு வா, டெஸ்!"